புஷ்பபாய் கொண்டுவந்த முதற்பலன்

இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு, இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய முதல் வாரத்தில் புஷ்பபாயைச் சந்தித்தேன். ஆசிரியைப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்த ஊரில் வீடு வாங்கிக் குடிவந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில் தோடு குறுக்கிட்டது. பிற ஊரார் ஓடை என்பதை நாங்கள் தோடு என்போம். எங்கள் தோடு வயல்களைச் சுற்றிக்கொண்டு போய்க் கடைசியில் நெய்யாற்றில் சேர்கிறது. அதன் குறுக்கே கிடந்த தென்னந்தடியை மழை இழுத்துப் போயிருந்தது. குடையும் பையுமாக நான் விழித்துக்கொண்டு நின்றபோது, வயலுக்குள் முழங்கால் சேற்றில் நின்ற ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார்.

“புதுசா வந்த டீச்சராக்கும், இல்லியா? செருப்பக் கழற்றிக் கையில பிடிங்க. வெள்ளம் இடுப்புக்கு மேல வராது. வந்தா நான் உண்டு.”

இங்கே தண்ணீர் எதுவானாலும் அதற்கு வெள்ளம் என்றே பெயர். என் கையைப் பற்றித் தோட்டின் நடுவரை அழைத்துவந்தவர், அங்கேயே குனிந்து ஒரு கை நீரை அள்ளிக் குடித்தார். நான் திகைத்ததைக் கண்டு அவருக்குச் சிரிப்பு வந்தது.

“எனக்க கிணத்துக்குள்ள ஊறுததும் இதாக்கும். அங்க கோரிக் குடிக்கலாம், இஞ்ச அள்ளிக் குடிச்சா கொறச்சலா?”

அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் சிஜி மஸ்கட்டில் செவிலியாக இருந்தாள். தோட்டோரத்தில் இருபத்தைந்து சென்ட் வயல் அவருக்கு உண்டு. அக்கம்பக்கத்து வயல்களையெல்லாம் மண்ணிட்டு நிரப்பி வீடும் வாழையும் ரப்பரும் வைத்துவிட்டார்கள். நெல் விளைவித்தவர் இவர் ஒருவரே. மகள் பணம் அனுப்புகிறாளே, எதற்கு இந்தச் சேறு என்று கேட்டவர்களுக்கு, “அவ அனுப்புதது கடையிலே அரிசி வாங்க. இது எனக்குச் சோறு தின்ன” என்று பதில் வரும். பேச்சில் பணிவு என்பது அவருக்குத் தெரியாத பாடம். நான் முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறைகளில் பணிவைக் கற்பித்தவள். அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன்.

அவருடைய வயலுக்கு ஆண்டில் ஒரு நாள் மரியாதை உண்டு. எங்கள் கிறிஸ்தவ சபையில், கன்னிப்பூ என்னும் முதற்போக அறுவடை முடிந்ததும் அறுப்பின் பண்டிகை வரும். வீட்டுக்கு வீடு முதற்பலனைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவை ஏலம் விடப்படும். வாழைக்குலை, சேவல், மரச்சீனி, மேசைவிரிப்பு என எல்லாமே ஏலத்துக்கு வரும். புஷ்பபாய் புதுநெல்லைக் குத்திப் பாயசம் வைத்து, பெரிய எவர்சில்வர் தூக்குவாளியில் ஊற்றி, வாயை வாழையிலையால் மூடி நாரால் கட்டிக் கொண்டுவருவார். சபைக்குள் எங்கள் வயலில் விளைந்த நெல் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் மிச்சம். ஆகவே அது கடைசியில் வரும். அதற்குத்தான் போட்டி கடுமையாக இருக்கும். ஏலம் எடுத்தவர் ஆலயப் படியில் நின்று, எல்லாரும் பார்க்க மூடியைத் திறந்து, முதல் கரண்டியைத் தாமே குடிக்க வேண்டும். பிறகு பிள்ளைகளுக்குப் பங்கிட வேண்டும். படைத்ததைத் திருப்பித் தருவதோ மறுபடி ஏலம் விடுவதோ கிடையாது. இது எழுதப்படாத விதி; எழுதப்பட்ட விதிகளை மீறுகிறவர்களும் இதை மீறத் துணிந்ததில்லை.

இரண்டாயிரத்துப் பதினாறில் ரெத்தினதாஸ் வந்தார். எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். கிழக்கே போய்ச் சாயத்தொழில் கற்றுக்கொண்டு, கையில் பணத்தோடு திரும்பியவர். தோட்டின் மேற்பகுதியில், புஷ்பபாயின் வயலுக்கு அரை மைல் மேலே, ஒரு சாயப்பட்டறையைத் தொடங்கினார். வாசலில் ‘இயற்கை வண்ணங்கள்’ என்று பலகை வைத்தார். பின்புறத்தில் இரும்பு டிரம்கள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின்மீது மண்டையோடும் எலும்பும் வரையப்பட்டிருந்தன. மண்டையோடும் இயற்கையின் பகுதிதானே என்று எவரும் வாதிடலாம். திறப்புவிழாவில் எங்கள் சபைக் கமிட்டியின் பதினோரு ஆண்களும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் ஜெபித்து, பிரியாணி சாப்பிட்டுத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு ஆலயத்துக்குப் புதிய ஒலிபெருக்கி வந்தது. அதற்கடுத்த ஆண்டு ரெத்தினதாஸ் கமிட்டிக்குள் வந்தார். புதிய ஒலிபெருக்கியில் பிரசங்கம் மிகத் தெளிவாகக் கேட்டது. அதற்குப்பின் கமிட்டியார் காதில் வேறெதுவும் விழவில்லை.

அறுப்பின் பண்டிகையில் புஷ்பபாயின் பாயசத்தை ஆண்டுதோறும் ரெத்தினதாஸே எடுத்தார். அவருக்கு எதிராகக் கேட்டவர்கள் சற்று நேரம் கேட்டுவிட்டு, மரியாதையாக நிறுத்திக்கொள்வார்கள். முதல் கரண்டியைக் குடித்துக் கண்களை மூடித் திறந்து, “நம்ம மண்ணுக்க ருசி” என்பார். கூட்டம் கைதட்டும்.

அந்த மண்ணுக்கு என்ன நேர்ந்துகொண்டிருந்தது என்பதைப் புஷ்பபாயின் கால்கள் முதலில் அறிந்தன. வயலில் இறங்கி ஏறினால் கணுக்கால் வரை அரிப்பு; பிறகு கொப்புளம். சில திங்கட்கிழமைகளில் வரப்போரத்தில் நுரை ஒதுங்கியிருக்கும். கயிலி மீன்கள் வயிறு மேலாக மிதக்கும். கிணற்று நீரில் சோப்பு நுரைக்காமல் திரியும். இரண்டாயிரத்துப் பத்தொன்பதிலிருந்து நான் மனுக்கள் எழுதிக் கொடுத்தேன். தமிழில் எழுதியதை மலையாளத்தில் கொண்டுவரச் சொன்னார்கள், மலையாளத்திலும் எழுதினேன். மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றிலும் புஷ்பபாய் கேட்டது ஒன்றுதான்: என் வயலில் நெல் விளைய விடுங்கள்.

தண்ணீரைச் சோதிக்க வேண்டிய அலுவலகத்தில் ஓர் அதிகாரி இருந்தார். ஒவ்வொரு மனுவையும் வாங்கிக்கொண்டு, “நோக்காம், அம்மச்சி” என்பார். பார்ப்போம் என்று பொருள். ஒரு முறை உண்மையிலேயே பார்க்க வந்தார். வருவதை முந்தின நாளே பட்டறைக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டு, புதன்கிழமையன்று, இரு உதவியாளர்களுடன் வந்தார். அன்று தோடு பளிங்குபோல் ஓடியது. அதிகாரி ஒரு போத்தலில் நீரை மொண்டு, வெயிலில் பிடித்து, பேரக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ரெத்தினதாஸ் எல்லாருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். நிறமில்லை, மணமில்லை என்று அறிக்கை வந்தது. அதன் அடியில், தோடு தமிழ்நாட்டு எல்லைக்குள் தோன்றுவதால் மாசு ஏதும் இருந்தால் அங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்று ஒரு வரியும் இருந்தது. இல்லாத மாசுக்கு இன்னொரு மாநிலத்தில் பிறப்பிடம் கண்டுபிடித்த அந்த அறிவை நான் இன்றும் வியக்கிறேன்.

“டீச்சர், அவரு போத்தலப் பாத்தாரு. எனக்க காலப் பாக்கல்ல” என்றார் புஷ்பபாய். “காலயும் போத்தலுக்குள்ள போட்டுக் குடுக்கணுமாக்கும்.”

நான்கு ஆண்டுகள் புஷ்பபாய் தோட்டைக் கண்காணித்தார். விடியற்காலையில் பார்த்தார்; உச்சிவெயிலில் பார்த்தார். பட்டறையின் குழாய் எப்போது பார்த்தாலும் காய்ந்தே கிடந்தது. நிறம் மட்டும் எப்படியோ வந்து வயலில் படிந்துகொண்டிருந்தது. மர்மம் இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு சிங்கமாதத்தில், அதாவது ஆவணியில், விடுபட்டது. காய்ச்சல் காரணமாக, வாழ்வில் அநேகமாக முதன்முறையாக, அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வரவில்லை. பத்து மணிக்கு வீட்டு வாசலில் வந்து நின்றவர், தோடு ஊதாநிறத்தில் ஆவி பறக்க ஓடுவதைக் கண்டார். அக்கரையில் அண்டை வீட்டுக்காரி சுகுமாரி நின்று, ஆட்டைத் தண்ணீரருகே போகவிடாமல் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

“எடி சுகுமாரி, இது எப்பந்தொட்டு?”

“எப்பந்தொட்டா? எல்லா ஞாயித்துக்கிழமையும் உண்டே. உங்க பள்ளியில மணி அடிச்சா இஞ்ச குழாயத் திறப்பாவ. பள்ளி பிரியதுக்கு முன்ன அடைப்பாவ.” ஆலயத்தைத்தான் பள்ளி என்றார்.

“நாலு வருசமா நான் தேடி நடக்குதேன். நீ ஒரு வார்த்த பறஞ்சியா?”

“எனக்கென்ன தெரியும் அக்கா? கம்பெனி உங்க சபைக்காரருக்க கம்பெனி. மணியும் உங்க மணி. நீங்க எல்லாரும் சேந்து செய்யுதியன்னு நினைச்சேன்.”

இந்தப் பதிலை மறுநாள் என்னிடம் சொன்னபோது புஷ்பபாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் பாதிப்பேர் எங்கள் சபைக்காரர். ஞாயிறு பத்து முதல் பன்னிரண்டு வரை தோட்டோரத்து வீடுகளில் எங்களவர் எவரும் இருப்பதில்லை. அலுவலகத்துக்கோ அன்று விடுமுறை. எங்கள் பக்தியை இவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டவர் ரெத்தினதாஸ் ஒருவரே. குழாய் அங்கே திறந்திருந்த நேரமெல்லாம் அவர் இங்கே முன்வரிசையில் அமர்ந்து, மற்றெவரையும்விட உரக்கப் பாடிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு சுகுமாரி தம் தொலைபேசியில் படமெடுத்துக் கொடுத்தார். அதைக் கமிட்டியிடம் காட்டினோம். ரெத்தினதாஸ் தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்து, “இப்பெல்லாம் போனிலே எதயும் உண்டாக்கலாம், மக்களே. இது ஏ.ஐ. ஆக்கும்” என்றார். கமிட்டியார் மிகவும் நிம்மதியடைந்தார்கள். அவர்களுள் எவருக்கும் அச்சொல்லின் பொருள் தெரியாது. அதனால் நிம்மதிக்குக் குறைவு வரவில்லை. அதிகாரியை அழைத்தேன். “ஞாயறாழ்ச்ச அவதியல்லே, டீச்சறே?” என்று வருத்தத்தோடு கேட்டார். விடுமுறை நாளில் அரசாங்கம் மாசுபடுவதில்லை, தோடுதான் மாசுபடுகிறது.

அந்த ஆண்டு நாற்று பிடித்தது, பச்சையும் வந்தது, கதிர் விட்டபோது வயல் முழுவதும் பதர். புஷ்பபாய் அறுத்தார். ஒரு கதிரைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்து, விரலால் நசுக்கிக் காட்டினார். உமியைத் தவிர ஒன்றுமில்லை.

“இந்த வருசம் பண்டிகைக்கு என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன்.

“விளஞ்சதக் கொண்டு வாறேன்” என்றார்.

ஐப்பசி முதல் ஞாயிறன்று அறுப்பின் பண்டிகை. ஆராதனைக்குப் புஷ்பபாய் வரவில்லை. ஏலம் தொடங்கிச் சற்று நேரம் கழித்து, அதே எவர்சில்வர் தூக்குவாளியுடன் வந்தார். வாழையிலை மூடியிருந்தது, நார் கட்டியிருந்தது. புதுப்புடவை உடுத்தியிருந்தார், அதன் கரை மட்டும் முழங்கால் வரை நனைந்திருந்தது. வாளியைப் பீடத்தின் படியில் வைத்து, தலைகுனிந்து ஜெபித்துவிட்டு, பெண்கள் பக்கம் வந்து என்னருகில் அமர்ந்தார்.

ஏலம் விடுபவர் ஈசாக். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். கூட்டத்தைச் சிரிக்கவைத்தே தொகையை ஏற்றிவிடுவார். வாழைக்குலையும் சேவலும் போயின. கடைசியாகத் தூக்குவாளியைத் தொட்டவர், “லே, இந்த வருசம் சூடில்லியே. பாயசம் ஆறிப் போச்சு. நம்ம புஷ்பபாயிக்குக் கோவம் ஆறிச்சுன்னு அர்த்தமாக்கும்!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ரெத்தினதாஸும் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையில் மன்னிப்பு இருந்தது. யாரை யார் மன்னிப்பது என்ற குழப்பம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

அன்று எதிராகக் கேட்டவர் துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த ஜெயதாஸ். அவருக்கு ஊர் மரியாதை மறந்துபோயிருந்தது, நிறுத்தவில்லை. தொகை ஏற ஏற ரெத்தினதாஸின் கழுத்து சிவந்தது. இறுதியில் அவ்வாலயத்தில் அதுவரை எவரும் கேட்டிராத ஒரு தொகையைச் சொன்னார். ஈசாக் மூன்று தரம் கூவி, மேசையைத் தட்டினார். கைதட்டல் எழுந்தது. ரெத்தினதாஸ் படியேறி, வேட்டியைச் சரிசெய்து, கரண்டியை வாங்கிக்கொண்டு, நாரை அவிழ்த்து, இலையை நீக்கினார்.

முதலில் வந்தது மணம். துருப்பிடித்த இரும்பும் அழுகிய முட்டையும் கலந்த மணம். வாளிக்குள் பளபளக்கும் ஊதாநிறத் தண்ணீர். கரண்டி பிடித்த கை அப்படியே நின்றது.

“இதென்ன?” என்றார் ரெத்தினதாஸ். ஒலிபெருக்கி அவருடையதுதான், அந்தக் கேள்வி கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது.

புஷ்பபாய் எழுந்து நின்றார். “முதற்பலன். எனக்க வயலிலே இந்த வருசம் விளஞ்சது இதாக்கும். காலத்த பத்து மணிக்கு, நீங்க எல்லாரும் பாடிக்கிட்டு இருக்கச்செ அறுத்தேன். விளஞ்சதுதானே கொண்டு வரச் சொன்னிய?”

“இது தெய்வநிந்தை!”

“அப்படியா? நீங்க ஏழு வருசம் எனக்க பாயசத்தக் குடிச்சு நம்ம மண்ணுக்க ருசின்னு சொன்னவரில்லியா. இதயும் ஒரு கரண்டி குடிச்சிட்டுச் சொல்லுங்க.”

ஈசாக் மெதுவாக, தம்மையறியாமல், “ஏலம் உறைச்சாச்சே” என்றார்; ஏலம் உறுதியாகிவிட்டது என்று பொருள். நல்ல நடத்துநர் அவர். சீட்டுக் கொடுத்தபின் வண்டி நிற்காது. பாடகர் குழுத் தலைவருக்குத்தான் முதலில் புத்தி வந்தது. ஒரு பாட்டைத் தொடங்கினார். மூன்று சுருதிகளில் எல்லாரும் சேர்ந்து பாடினோம். நானும் பாடினேன். ரெத்தினதாஸ் கரண்டியை வாளியருகில் வைத்துவிட்டு, பக்கவாசல் வழியாக வெளியேறினார். தொகையை மறுநாளே செலுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வாளியை எடுக்க மட்டும் வரவில்லை. எறிந்துவிடக் கமிட்டிக்குத் துணிவில்லை, படைக்கப்பட்ட பொருளாயிற்றே. அதை மூடி, போதகர் அங்கி மாற்றும் அறையில், மேசைக்கடியில் தள்ளிவைத்தார்கள்.

மறுவாரம் விசாரணை நடந்தது. கமிட்டியில் பதினொருவர். தமக்குள் ஒரேயொரு முதுகெலும்பை மாற்றி மாற்றிப் பயன்படுத்திவந்தவர்கள். அன்று அதை எவரோ வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பாயசம் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். பீடத்தருகில் அசுத்தமான பொருளை வைக்கலாமா என்று கேட்டார்கள்.

“அசுத்தம்னு நீங்களே பறயுதிய. பின்ன எனக்க கிணத்தில கெடந்தா மட்டும் சுத்தமா?” என்று புஷ்பபாய் கேட்டார்.

அதற்குப் பதிலாக, மூன்று மாதங்கள் அவருக்கு ஆலயத்தில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து கிடையாது என்று தீர்மானம் எழுதினார்கள்; மன்னிப்புக் கடிதம் தரும்வரை அது நீடிக்கும் என்றும் சேர்த்தார்கள். என்னையும் சாட்சியாக அழைத்திருந்தார்கள். பதினொரு மனுக்களைப் பிழையில்லாமல் எழுதியவள், அந்த அறையில் ஒரு வாக்கியம்கூடச் சொல்லாமல் அமர்ந்திருந்தேன். கமிட்டியைப் பற்றி எழுதும்போது என்னை விட்டுவிடுவது நேர்மையன்று.

விளைவு என்று ஒன்று இருந்தது. பட்டறைக் குழாய் அதன்பின் ஞாயிற்றுக்கிழமை திறக்கப்படவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் திறக்கப்பட்டது. எங்கள் ஓய்வுநாள் பரிசுத்தமாயிற்று.

புஷ்பபாய் மன்னிப்புக் கடிதம் தரவில்லை. மறுபடியும் விதைத்தார். கும்பப்பூ என்னும் இரண்டாம் போகமும் பதராயிற்று. இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு மழைக்காலத்தில் இதயம் தளர்ந்துபோய் அவரைக் காரக்கோணம் மருத்துவமனையில் சேர்த்தார்கள். காரணம் இன்னதென்று மருத்துவர் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. மஸ்கட்டிலிருந்து சிஜி வந்து சேர மூன்று நாள் ஆகும் என்றார்கள். அதுவரை பகலில் சுகுமாரியும் நானும் மாறி மாறி உடனிருந்தோம்.

இரண்டாம் நாள் முற்பகலில் போதகர் வந்தார். நல்ல இளைஞர், ஊருக்குப் புதியவர். கையில் தட்டச்சிட்ட ஒரு தாள் இருந்தது. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டால் திருவிருந்தை இப்போதே தருவதாகவும், கமிட்டியார் இதற்கு ஒருமனதாக இசைந்திருப்பதாகவும் சொன்னார்.

புஷ்பபாய் தாளை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார். “அச்சனே, இதிலே எனக்க வயலப் பத்தி ஒண்ணும் இல்லியே.”

“அது வேற காரியம், அம்மா.”

“அதே காரியமாக்கும்.” தாளை மடித்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “கர்த்தரு என்னக் கண்டா எனக்க காலப் பாப்பாரு. போத்தலப் பாக்கமாட்டாரு. நீங்க போயிட்டு வாங்க, மக்கா.”

போதகர் போனபின் நெடுநேரம் கண்களை மூடிக் கிடந்தார். உறங்கிவிட்டார் என்று எண்ணினேன். சன்னலுக்கு வெளியே மழை பிடித்திருந்தது. சுகுமாரி மதியச் சோற்றுடன் வந்து, பொதியைப் பிரித்தார்.

“அரிசி எங்க வாங்கின?” என்று கண்களைத் திறக்காமலே கேட்டார் புஷ்பபாய்.

“கடையிலே, அக்கா.”

“ம்.” ஒரு வாய் மட்டும் வாங்கிக்கொண்டார். பிறகு கையை நீட்டி என் மணிக்கட்டைப் பற்றினார். அன்று தோட்டின் நடுவில் பற்றிய அதே பிடிதான். அதில் பழைய வலு இல்லை.

“டீச்சர், அந்தத் தூக்குவாளி இப்பமும் மேசைக்கடியிலே கெடக்குதா?”

“கிடக்கிறது. யாரும் தொடவில்லை.”

“நிறம்?”

“அப்படியே இருக்கிறது.”

“அது அவருக்கு உள்ளதாக்கும். கர்த்தருக்க முன்னால, எல்லாரும் காண ஏலம் எடுத்தது. நான் எழும்பி நடப்பேன்னா நானே கொண்டு போவேன்.” மூச்சு வாங்கினார். “நீங்க இதுவரைக்கும் எனக்காக எழுதிக் குடுத்ததெல்லாம் போதும். இனி ஒண்ணும் எழுதாண்டாம். ஒரு பகல் நேரம் பாத்து, ரோட்டு வழியே எல்லாரும் காண அதத் தூக்கிட்டுப் போய், ரெத்தினதாசுக்க வீட்டு நடையிலே வச்சிட்டு வருவியளா? இலய எடுத்துப் போடுங்க. திறந்து இருக்கட்டு. ஒரு கரண்டியும் சேத்து வைங்க.”